அடிமையாகவும் வேண்டாம், அண்டை வீட்டானாகவும் வேண்டாம்!

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



அமெரிக்க நாட்டில் நிறவெறி என்ற பொருள்பற்றிப் பேசுமாறு படிப்பகத்துத் தோழர்கள் என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் உங்கள் மனக்கண்முன் எழும் காட்சி எதுவென்று நான் அறிவேன். வெண்பஞ்சு பூத்த காடு; அதிலே வியர்வை வழியக் குனிந்து நிற்கும் கறுப்பு மனிதன்; குதிரைமீது சாட்டையுடன் கங்காணி! அலபாமா என்பீர்கள், மிசிசிப்பி என்பீர்கள். லிங்கன் வந்தார், விலங்கு அறுந்தது. மார்ட்டின் லூதர் கிங் நடந்தார், பாதை பிறந்தது என்பீர்கள். அந்த வரலாறு நீங்கள் படித்தது. உங்களுக்குத் தெரிந்ததையே ஒலிபெருக்கி வைத்து உங்களிடம் ஒப்பிப்பதற்கு நான் வரவில்லை.

தெற்கே இருக்கிறது அந்தப் பஞ்சுக்காடு. நான் உங்களை வடமேற்குக் கோடிக்கு அழைக்கிறேன். பசிபிக் கடலோரம், வான் தொடும் மரங்கள், வற்றாத கொலம்பியா ஆறு. ஓரிகன் என்று பெயர் கொண்ட மாநிலம். அங்கே பருத்திப் பண்ணை இல்லை, அடிமைச் சந்தை இல்லை. அடிமை முறை கூடாது என்று தொடக்கத்திலேயே சட்டம் இயற்றிய மண் அது. கேட்பதற்கு எவ்வளவு இனிக்கிறது! ஆனால், தோழர்களே, அந்தச் சட்டத்தை முதல் வரியோடு நிறுத்திவிட்டால்தான் இனிக்கும். அடுத்த வரியைப் படித்தால் நெஞ்சு எரியும்.

1844ஆம் ஆண்டு. ஓரிகன் அப்போது மாநிலமும் அன்று, முறையான ஆட்சிப்பகுதியும் அன்று. மிசௌரிப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் ஏறத்தாழ 2,000 மைல் கடந்துவந்த வெள்ளைக் குடியேறிகள் தமக்கென ஒரு தற்காலிக அரசு அமைத்துக்கொண்டிருந்தனர். அந்த அரசின் சட்டக்குழுவில் பீட்டர் பர்னெட் என்பவர் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். அடிமை முறை கூடாது. அடிமைகளைக் கொண்டுவந்தவர்கள் குறித்த காலத்துக்குள் அவர்களை அப்புறப்படுத்த வேண்டும். இல்லையேல் அவர்கள் விடுதலை பெறுவர். சரி, விடுதலை பெற்றவன் என்ன செய்வது? ஆணாயின் 2 ஆண்டுக்குள், பெண்ணாயின் 3 ஆண்டுக்குள் ஓரிகனை விட்டே வெளியேற வேண்டும்! வெளியேறாவிட்டால்? 20க்குக் குறையாமல், 39க்கு மிகாமல் கசையடி. அடித்த பின்பும் போகாவிட்டால்? ஆறு திங்கள் கழித்து மறுபடியும் கசையடி!

விலங்கை ஒரு கையால் அவிழ்த்துவிட்டு, மறு கையில் கசையை எடுத்துக்கொண்டார்கள். பண்ணையாரின் சாட்டையைப் பறித்தது மெய். அதை முறித்துப் போட்டார்களா? இல்லை. அரசாங்கத்தின் கையிலே கொடுத்தார்கள்!

கசையடி கொடுமை என்று அந்த ஆண்டு முடியுமுன்பே அதைத் திருத்தினார்கள். அதற்குப் பதில் கட்டாய வேலையைத் தண்டனையாக வைத்தார்கள். செயலுக்கு வருமுன்பே 1845இல் சட்டத்தையே நீக்கினார்கள். பர்னெட்டோ பின்னர்க் கலிபோர்னியா சென்று, அம்மாநிலத்தின் முதல் ஆளுநராகவே அமர்ந்தார்! "ஒருவரையும் அடிக்காத சட்டம்தானே, அதைப்பற்றி ஏன் இத்தனை ஆவேசம்?" என்று எவரேனும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் மனிதர் ஒருவர் உண்டு.

ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்பது அவர் பெயர். பின்னாளில் குடியரசுத் தலைவர்களான புஷ்கள் அல்லர். இவர் கறுப்பினத்து உழவர். பொருள் வசதி உடையவர். 1844இல் தாம் வந்த வண்டிக் கூட்டத்திலே ஏழை வெள்ளையர்க்குக் கைகொடுத்து உதவியவர். ஓரிகனில் காத்திருந்த வரவேற்போ கசையடிச் சட்டம்! புஷ் அங்கே தங்கவில்லை. தோழமையுள்ள குடும்பங்கள் சிலவற்றோடு கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே சென்று, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில், ஒலிம்பியா நகரின் அருகே பண்ணை அமைத்தார். அவர் நட்ட இடம் புஷ் பிரெய்ரி என்றே பெயர் பெற்றது. ஊரார் உணவின்றித் தவித்தபோது களஞ்சியத்தைத் திறந்துவிட்ட கை அவர் கை. ஆயினும் அந்த நிலத்துக்கு உரிமைப் பத்திரம் பெறுவதற்கு, 1855இல் அமெரிக்கக் காங்கிரசு அவர் ஒருவருக்காகத் தனிச்சட்டம் செய்ய வேண்டியிருந்தது. ஏன்? 1850இல் வந்த நிலக்கொடைச் சட்டம் அப்படி!

அந்தச் சட்டத்தையும் கேளுங்கள். குடியேறிய வெள்ளையனுக்கு, மணமாகாதவனாயின் 320 ஏக்கர். மணமானவர் எனில் கணவனுக்கும் மனைவிக்குமாக 640 ஏக்கர், விலையின்றி! பழங்குடித் தாய்க்கு வெள்ளையரால் பிறந்த மக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கறுப்பர்க்கு ஓர் ஏக்கர்கூட இல்லை. ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கர் இவ்வாறு கைமாறிற்று. அது யாருடைய நிலம்? கலப்பூயா போன்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த நிலம். நில உரிமைபற்றிய உடன்படிக்கைகள் நிறைவேறுமுன்பே எடுத்து வழங்கிவிட்டார்கள். கொடையாம் கொடை! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் மக்கள் சொல்வார்களே, அந்தக் கொடை!

நண்பர்களே, இந்த மக்கள் ஏன் இப்படி நடந்துகொண்டார்கள்? வந்தவர்களில் பெரும்பாலோர் பிரபுக்கள் அல்லர். அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தியவனோடு போட்டியிட்டுத் தோற்ற ஏழை எளிய உழவர் பலர் அவர்களிடையே இருந்தனர். அடிமை முறையால் தமக்குக் கூலி குறைந்தது, நிலம் கிட்டவில்லை என்று குமுறியவர்கள். குமுறல் நியாயமானதே! ஆனால் அந்தக் கோபம் யார்மீது பாய்ந்தது? அடிமையின் உழைப்பை உறிஞ்சிய எசமானன்மீதா? இல்லை, உறிஞ்சப்பட்ட அடிமையின்மீது பாய்ந்தது. அடிமை முறையை வெறுத்தார்கள். அதைக் காட்டிலும் ஆழமாக அடிமையை வெறுத்தார்கள்.

1849இல் புதிய ஆட்சிப்பகுதியின் சட்டமன்றம் கூடிற்று. மீண்டும் ஒரு சட்டம். முன்பே இருப்போர் இருக்கலாம். புதிதாக எந்தக் கறுப்பரும் வந்து குடியேறக் கூடாது! ஜேக்கப் வாண்டர்பூல் என்பவர் கடல் வழியாய் வந்து, ஓரிகன் சிட்டி என்ற ஊரில் உணவு விடுதி நடத்திவந்தார். அவரும் கறுப்பினத்தவர். 1851இல் அவர்மீது முறையீடு கொடுத்தவர் யார் தெரியுமா? அதே ஊரில் விடுதி நடத்திய வெள்ளைக்காரர்! "இந்தச் சட்டம் அமெரிக்க அரசியலமைப்புக்கே முரணானது" என்று வாண்டர்பூலின் வழக்கறிஞர் வாதாடினார். நீதிபதி தாமஸ் நெல்சன் தீர்ப்பளித்தார்: 30 நாளில் ஊரை விட்டு வெளியேறுக!

நாடகம் எழுதுகிற நான் இப்படியொரு காட்சி அமைத்தால், திறனாய்வாளர்கள் சிரிப்பார்கள். "தொழிற்போட்டிக்காரனே வாதியாய் வருவதாவது! உன் கற்பனை மிகை, தம்பி!" என்பார்கள். கற்பனையன்று, நீதிமன்ற ஏடு! திருடினார் என்றோ, அடித்தார் என்றோ அவர்மீது குற்றச்சாட்டு இல்லை. இருந்தார் என்பதுதான் குற்றம். இச்சட்டங்களின்கீழ் நீதிமன்றம் வழியே வெளியேற்றப்பட்டதாகப் பதிவாகியிருப்பவர் இவர் ஒருவரே.

அதே மண்ணில் எதிர்த்து நின்று வென்றவர்களும் உண்டு. இராபின் ஹோம்ஸ் என்ற தந்தையை மறக்க முடியுமா? அடிமை முறை இல்லை என்று சட்டம் சொன்ன அந்த ஊரிலேயே, நத்தானியேல் ஃபோர்ட் என்பவர் மிசௌரியிலிருந்து கொண்டுவந்த ஹோம்ஸ் குடும்பத்தை அடிமைகளாகவே வைத்திருந்தார். பெற்றோரை விடுவித்த பிறகும் பிள்ளைகளை விடவில்லை. எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாத அந்தத் தந்தை நீதிமன்றம் ஏறினார். 1853இல் நீதிபதி ஜார்ஜ் வில்லியம்ஸ், பிள்ளைகள் தந்தையுடன் செல்க என்று தீர்ப்பளித்தார்.

லெட்டீஷியா கார்சன் என்ற தாயை மறக்க முடியுமா? அடிமையாய்ப் பிறந்த அவர், டேவிட் கார்சன் என்ற அயர்லாந்துக்காரருடன் 1845இல் ஓரிகன் வந்து, பயிரிட்டு, மாடு வளர்த்து, இரு குழந்தைகளையும் ஈன்றார். 1852இல் டேவிட் மறைந்தார். சொத்துப் பொறுப்பேற்ற வெள்ளையர் கூறினார்: இவள் மனைவியல்லள், இவளுக்குப் பங்கில்லை! மாடு போயிற்று, பாத்திரம் போயிற்று, படுக்கை போயிற்று; எல்லாம் ஏலத்துக்குப் போயின. அந்தத் தாய் அழுதுகொண்டு ஓய்ந்துவிடவில்லை. தம் உழைப்புக்குக் கூலியும் தம் மாடுகளுக்கு விலையும் கேட்டு வழக்குத் தொடுத்தார். வெள்ளையரே நிறைந்த அறங்கூறவையின் முன்னே, வழக்கு இரண்டிலும் வென்றார்! பின்னர் 1863இல் தம் பெயரிலேயே அரசு நிலத்துக்கு விண்ணப்பித்து, 1869இல் உரிமைப் பத்திரமும் பெற்றார். சட்டம் ஒரு சுவர்தான், தோழர்களே; ஆனால் துணிவுள்ள ஒருவர் உளி பிடித்தால் சுவரிலும் சன்னல் திறக்கிறது.

இப்போது 1857க்கு வருகிறேன். இந்த ஆண்டினைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஓரிகன் மாநிலத் தகுதி பெற விழைந்தது. சேலம் என்ற நகரில் அரசியலமைப்பு மன்றம் கூடிற்று. ஆம், நம் ஊர்ப் பெயர்போல ஒலிக்கும் பெயர். ஒலி மட்டுமே ஒற்றுமை. உறுப்பினர் 60 பேர். அரசியலமைப்பை எழுதி முடித்தபின், மக்களிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்தார்கள். முதற்கேள்வி: அடிமை முறை வேண்டுமா? இரண்டாம் கேள்வி: விடுதலை பெற்ற கறுப்பர் ஓரிகனுக்குள் வரலாமா?

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான், கணக்கில் புலியல்லன். ஆனால் இந்தக் கணக்குக்குக் கல்லூரி வேண்டாம், கண் இருந்தால் போதும். அடிமை முறை வேண்டும் என்றோர் 2,645. வேண்டாம் என்றோர் 7,727. கை தட்டலாம் போலிருக்கிறதல்லவா? பொறுங்கள். கறுப்பர் வரலாம் என்றோர் 1,081. வரக்கூடாது என்றோர் 8,640!

ஒரே நாள், ஒரே ஊர், அதே மக்கள்! அடிமை முறையை மறுத்தவர்களைக் காட்டிலும் மனிதனை மறுத்தவர்கள் 913 பேர் அதிகம். முதல் கேள்வியில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் வீதம் இருந்த எதிர்ப்பு, இரண்டாம் கேள்வியில் எட்டுக்கு ஒன்றாய்ச் சுருங்கிற்று. அடிமையாகவும் வேண்டாம், அண்டை வீட்டானாகவும் வேண்டாம்! இதுதான் அந்த நாளின் தீர்ப்பு.

அரசியலமைப்பிலே இடம்பெற்ற விதி என்ன சொன்னது? புதிதாய்க் கறுப்பர் எவரும் வரக்கூடாது, தங்கக்கூடாது. வீடு நிலம் வைத்திருக்கக்கூடாது. ஒப்பந்தம் செய்யக்கூடாது. வழக்குத் தொடுக்கக்கூடாது. அழைத்து வருபவனையும், வேலை கொடுப்பவனையும், நிழல் கொடுப்பவனையும் தண்டிக்கச் சட்டம் செய்யலாம். பிறிதோர் இடத்தில், கறுப்பர்க்கும் சீனர்க்கும் வாக்குரிமை இல்லை என்று எழுதினார்கள். இத்தகைய விதியைத் தன் அரசியலமைப்பில் ஏந்திக்கொண்டே, 1859 பிப்ரவரி 14ஆம் நாள் ஓரிகன் அமெரிக்க ஒன்றியத்தில் இணைந்தது. கறுப்பர்க்குக் கதவடைத்த விதியோடு ஒன்றியத்துக்குள் நுழைந்த மாநிலம் அது ஒன்றே!

பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. அடிமை முறை நாடெங்கும் ஒழிந்தது. குடியுரிமையில் சமத்துவம் தரும் 14ஆம் திருத்தத்தை ஓரிகன் 1866இல் ஏற்றது. 1868இல் ஏற்பைத் திரும்பப் பெற்றது! மறுபடி ஏற்றது எப்போது? 1973இல்! நிறம் பார்த்து வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்ற 15ஆம் திருத்தத்தை 1870இல் மறுத்தது. ஏற்றது 1959இல், மாநிலத்தின் நூற்றாண்டு விழாவின்போது! ஒன்றியத்தின் சட்டம் மேலோங்கியதால் ஓரிகனின் விதி உயிரிழந்தது. ஆனால் ஏட்டைவிட்டு அகலவில்லை. 1900இல் நீக்க முயன்றார்கள். மக்கள் வாக்கில் தோற்றது. 1916இல் வாக்குரிமைத் தடையை அகற்ற முயன்றார்கள். மிகச் சிறு வேறுபாட்டில் அதுவும் தோற்றது. கதவடைப்பு விதி 1926இல்தான் நீங்கிற்று. வாக்குரிமைத் தடை 1927இல் நீங்கிற்று.

"உயிரற்ற விதிதானே! பிணம் கடிக்குமா?" என்பார்கள். கடித்தது, தோழர்களே! அந்த விதியைச் செயற்படுத்த ஓரிகன் தனிச்சட்டம் இயற்றவே இல்லை. இயற்றும் தேவையும் எழவில்லை. 1860இல் எடுத்த கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதிலும் கறுப்பின மக்கள் 128 பேர்! வாயிற்படியில் "நீ வராதே" என்று எழுதி வைத்திருக்கும் வீட்டுக்கு எவன் வருவான்? காவற்காரன் தேவையில்லை, எழுத்தே காவற்காரன்! வெளியேற்றப்பட்டவர் ஒருவர் என்று பதிவேடு சொல்கிறது. வராமலே போனவர் எத்தனை ஆயிரம் என்று எந்தப் பதிவேடு சொல்லும்?

மனிதர் வராமல் நின்றாலும் வெறுப்பு வேலையற்று நிற்பதில்லை. அடுத்த ஆளைத் தேடும். 1862இல் கறுப்பர், சீனர், ஹவாய்த் தீவினர் அனைவர்மீதும் தலைக்கு ஆண்டொன்றுக்கு 5 டாலர் வரி. 1887இல் ஹெல்ஸ் கேன்யன் என்னும் மலைப்பிளவில் பொன் அரித்துக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். மாண்டவர் 34 பேர் என்பது கணக்கு. தண்டனை பெற்றவர் எவருமில்லை. 1920களில் முகமூடிக் கூட்டமான கூ க்ளக்ஸ் கிளான் ஓரிகனில் செழித்தது. அதன் ஆதரவோடு 1922இல் வால்ட்டர் பியர்ஸ் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பர் மிகக் குறைவான அம்மாநிலத்தில் அக்கூட்டம் கத்தோலிக்கர்மீது திரும்பிற்று. அவர்தம் பள்ளிகளை இல்லாமற் செய்யும் சட்டத்தை மக்கள் வாக்காலேயே நிறைவேற்றிற்று. 1925இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. 1923இல் சப்பானியர் நிலம் வாங்கத் தடை! 1944இல் ஹூட் ரிவர் ஊரில், நாட்டுக்காகப் போர்முனை சென்றோர் பெயர்ப்பலகையிலிருந்து 16 சப்பானிய அமெரிக்க வீரர்களின் பெயர்களை அழித்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே மீண்டும் எழுதினார்கள்.

அந்த வாசலில் நம் நாட்டவர் ஒருவரும் நின்றார். பகத்சிங் திண்ட், இலாகூரில் தூக்குமேடை ஏறிய பகத்சிங் அல்லர். பஞ்சாபிலிருந்து சென்று, ஓரிகன் மர அறுவை ஆலையில் உழைத்து, முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். 1920இல் ஓரிகனில் இருந்த ஒன்றிய நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமை தந்தது. அரசு மேல்முறையீடு செய்தது. வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினருமே விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்பது அன்றைய சட்டம். திண்ட் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட வாதம் என்ன? "நிறம் பார்த்துக் கதவடைப்பது அநீதி" என்பதன்று. "நான் உயர்சாதி இந்து, ஆரிய வழி வந்தவன், ஆகவே நானும் உங்கள் இனமே!" என்பது. அத்தோடு நின்றதா? இந்திய நாட்டுப் பழங்குடியினரோடு மண உறவு கொள்வதை, கறுப்பரோடு கொள்வதை வெள்ளையர் வெறுப்பதுபோலவே தாமும் வெறுப்பதாகவும் எழுதினார்கள்! 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சாமானிய வெள்ளையன் எவனை வெள்ளையன் என்று கருதுகிறானோ, அவனே வெள்ளையன், நீர் அல்லர்!

திண்ட் அவர்களை எள்ளுவதற்கு இதைச் சொல்லவில்லை. அவர் அடைந்த துயரம் பெரிது. 1936இல்தான் வேறு வழியாய்க் குடியுரிமை பெற்றார். ஆனால் பாடம் ஒன்றிருக்கிறது. தாழிட்ட கதவின் முன்னே நின்று, "தாழை உடை, எல்லோரும் நுழையட்டும்!" என்பவன் ஒருவகை. "என்னை மட்டும் விடு, இதோ இவனைவிட நான் உயர்ந்தவன்!" என்பவன் இன்னொருவகை. பின்னவன் வெளியே நின்றபடியே கதவுக்குக் காவல் காக்கிறான்.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? பியாட்ரிஸ் மாரோ கேனடி! போர்ட்லாந்து நகரில் "அட்வகேட்" என்ற ஏட்டினை நடத்திய கறுப்பினப் பெண்மணி, சட்டம் பயின்றவர். கிளான் கூட்டத்தைப் போற்றி 1915இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றினைத் திரையிட விடாமல் போராடினார். வெள்ளையர் பள்ளிகளில் புகுந்து பேசினார். தம் வீட்டுத் தேநீர் விருந்தில் இரு நிறத்தாரையும் ஒரே பலகையில் அமர்த்தினார். அரசியலமைப்பின் கறையைத் துடைக்க ஓயாமல் எழுதினார். 1926, 1927 வெற்றிகளில் அவருடைய மைக்கும் பங்குண்டு.

கறை துடைத்ததும் கதை முடிந்ததா? எழுத்திலிருந்து எடுத்ததைத் தெருவில் பதித்தார்கள்! 1919இலேயே போர்ட்லாந்து வீட்டுமனைத் தரகர் மன்றம், வெள்ளையர் வாழும் பகுதியில் கறுப்பர்க்கும் ஆசியர்க்கும் வீடு விற்பது முறைகேடு என்று விதி செய்திருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது கப்பல் கட்ட ஆள் வேண்டியிருந்தது. நாடெங்குமிருந்து கறுப்பினத் தொழிலாளர் திரண்டு வந்தனர். எங்கே தங்கவைப்பது? ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில், கரைகள் சூழ, வான்போர்ட் என்ற நகரை அவசரமாய் எழுப்பினார்கள். ஒரு கட்டத்தில் 40,000 பேருக்குமேல் வாழ்ந்த, மாநிலத்தின் இரண்டாம் பெரிய நகரம் அது. போர் முடிந்தபின் வெள்ளையரில் பலர் வேறிடம் பெயர்ந்தனர். கறுப்பர் எங்கே பெயர்வது?

1948 மே 30. கொலம்பியா ஆறு பொங்கி எழுந்தது. கரை பத்திரமாக இருக்கிறது, பதற வேண்டாம், தேவையானால் எச்சரிப்போம் என்று அன்று காலை வீட்டுவசதி அதிகாரிகள் துண்டறிக்கை கொடுத்தார்கள். மாலை நேரத்தில் கரை உடைந்தது! 15 பேர் மாண்டனர். ஏறத்தாழ 18,500 பேர் வீடிழந்தனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பர். ஒரே நாளில் ஒரு நகரம் நிலப்படத்திலிருந்து மறைந்தது. தண்ணீருக்கு நிறம் தெரியாது, தோழர்களே. ஆனால் தண்ணீர் வரும் பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்பதை முடிவு செய்தவர்களுக்கு நிறம் தெரியும்!

தப்பியவர்களுக்குத் திறந்திருந்தது ஆல்பைனா என்ற ஒரே பகுதி. அங்கே கடை வைத்தார்கள், கோயில் கட்டினார்கள், இசை வளர்த்தார்கள். வேர் பிடித்ததும் வெட்ட வந்தது கோடரி. 1960இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்குக்காக நூற்றுக்கணக்கான வீடுகள் இடிந்தன. நெடுஞ்சாலைக்காக மேலும் வீடுகள். 1970களின் தொடக்கத்தில் மருத்துவமனை விரிவாக்கத்துக்காக மேலும் சில நூறு. அந்த விரிவாக்கத்துக்கு ஒன்றிய அரசின் பணம் வற்றியது. இடித்த மனைகள் பல ஆண்டு புல் முளைத்துக் கிடந்தன!

நல்ல செய்தியே இல்லையா? உண்டு. போராடியவர்கள் ஒவ்வொரு கல்லாய்ப் பெயர்த்தார்கள். 1949இல் வேலையில் நிறவேறுபாடு கூடாது என்ற சட்டம். 1951இல் கலப்பு மணத்தடை நீக்கம். 1953இல் உணவகத்திலும் விடுதியிலும் சம உரிமை. 1957இல் வீட்டு வசதிக்கான சட்டம். 1972இல் வில்லியம் மெக்காய், சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினத்தவரானார். ஆயினும் 1988இல் போர்ட்லாந்துத் தெருவில், எத்தியோப்பியாவிலிருந்து வந்த முலுகேட்டா செராவ் என்ற இளைஞரை நிறவெறியர்கள் அடித்தே கொன்றார்கள்.

2002ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். ஓரிகன் அரசியலமைப்பில் எஞ்சியிருந்த, "நீக்ரோ" போன்ற நிறம் குறிக்கும் வழக்கற்ற சொற்களை நீக்கலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். எவர் சொத்தும் போகாது. எவர் வேலையும் போகாது. ஏட்டில் சில சொற்கள் மட்டுமே போகும். நீக்கம் வென்றது. ஆனால் நூற்றுக்கு ஏறத்தாழ 29 வாக்கு "நீக்காதே" என்று விழுந்தது!

இன்னொன்று. குற்ற வழக்கில் அறங்கூறவையின் 12 பேரும் ஒருமனதாய்ச் சொன்னால்தான் தண்டனை என்பது பழைய முறை. 1934இல், யூதர் ஒருவர்மீது நடந்த வழக்கில் எழுந்த வெறுப்பலையின்மேல் ஏறி, 10 பேர் சொன்னாலே போதும் என்று ஓரிகன் மாற்றிற்று. 12 பேரில் சிறுபான்மையினர் ஒருவரோ இருவரோ அமர்ந்தாலும் அவர் குரல் எடுபடாது! 86 ஆண்டுகள் அது நடந்தது. 2020இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லூசியானா வழக்கொன்றில், அம்முறை செல்லாது என்றது. அதன் பிறப்பில் இனவெறி கலந்திருந்ததையும் எடுத்துக்காட்டிற்று. 2022இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம், பழைய தண்டனைகளுக்கும் இது பொருந்தும் என்றது. தாத்தா நட்ட முள்மரம், பேரன் காலில் தைத்துக்கொண்டே இருந்தது.

இன்றும் ஓரிகனின் மக்கள்தொகையில் கறுப்பர் நூற்றுக்கு 2 பேர் அளவே. நாடு முழுமைக்கும் பார்த்தால் 12 பேர் அளவு. "எங்கள் ஊரில் நிறச்சிக்கலே இல்லை, கறுப்பர்தாம் இல்லையே!" என்று ஒருவன் சொன்னால், அவன் தன் பாட்டன் பூட்டிய பூட்டினைச் சான்றாகக் காட்டுகிறான் என்று பொருள்.

தோழர்களே! தொண்டராய்ப் பணியாற்றும் உங்களிடம் இக்கதையை ஏன் இவ்வளவு விரிவாய்ச் சொன்னேன்? மேடையிலே முழங்கும் முதல் வரியைக் கேட்டு நாம் மயங்கிவிடுகிறோம். "ஒழித்தோம்!" என்கிறார்கள், கை தட்டுகிறோம். ஓரிகனும் "ஒழித்தோம்" என்றுதான் தொடங்கிற்று. ஒழிக்கப்பட்டது எது என்று கேட்டால் போதாது. விடுபட்டவன் எங்கே குடியிருக்கிறான், எந்தத் தெருவில் நடக்கிறான், எவரோடு உண்கிறான், அவன் கொடுத்த வழக்கு ஏற்கப்படுகிறதா என்று கேட்க வேண்டும். தளையை வெறுப்பது எளிது. தளையுண்டிருந்தவனைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்வதே பண்பு.

பெரும்பான்மை என்பது வலிமை; அதுவே நீதியாகிவிடாது. 8,640 பேர் ஒரு பக்கம் நின்றார்கள். 1,081 பேர் மறுபக்கம் நின்றார்கள். அந்த 1,081 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. சிலையில்லை, விழாவில்லை. ஆனால், ஊரே எதிர்த்த அந்நாளில், "அவனும் வரட்டும்" என்று சொன்ன வாய் அந்த வாய்கள்தாம். 69 ஆண்டு கழித்து ஓரிகன் வந்து சேர்ந்த இடம், அவர்கள் அன்றே நின்ற இடம்!

உங்கள் ஊரில், உங்கள் தெருவில், இத்தகைய கேள்வி ஒருநாள் வரும். வாக்காக வரும், அல்லது வீட்டு வாடகையாக, பந்தி வரிசையாக, மணப்பேச்சாக வரும். அன்று எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். அந்த 1,081 பேரை நினைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள்.